கடல், மடல், மலை

“அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சாமி வந்து ஆடும் பெண்ணின் நெற்றியில் திருநீறு பூசி, “மலையேறு தாயே” என்று கெஞ்சுவார்கள். தமிழில் காலம் மலையேறும். சாமி மலையேறும். அந்தச் சாமியைத் தாங்கிக்கொண்டு ஆடிய பெண் மட்டும் ஆட்டம் முடிந்ததும் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவளும் ஒருநாள் மலையேறலாம் என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. ஏறினால் என்ன என்று அவள் கேட்டுவிட்டால், ஆகமமும் ஆரோக்கியமும் பாதுகாப்பும் பண்பாடும் வரிசையில் நின்று பதில் சொல்கின்றன. அந்தப் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நான் தமிழ் கற்பிப்பவள். ஆகவே இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். தொல்காப்பியம் பெண்ணின் பயணத்தை மூன்று இடங்களில் நிறுத்துகிறது. முந்நீர் வழக்கம் பெண்ணோடு இல்லை என்கிறது அகத்திணையியல். அது கடற்பயணமா, மூவகைப் பிரிவா என்று உரைகாரர்களுக்குள் வழக்குண்டு. எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் வீட்டில் நிற்பவள் பெண்தான். போர்ப் பாசறைக்குப் பெண் போவதில்லை என்கிறது கற்பியல். எந்தத் திணையிலும் பெண் மடலேறுவது பொருந்தாது என்று இன்னொரு நூற்பா. காதலைச் சொல்ல ஆண் பனைமடலால் குதிரை செய்து தெருவில் ஏறி வரலாம். பெண்ணுக்கு அதுவும் கிடையாது. அந்த விதியை மீறி மடலேறுவேன் என்று பெண்குரலில் அறிவிக்கவும் திருமங்கையாழ்வார் என்ற ஓர் ஆண் வரவேண்டியிருந்தது. கடல் கூடாது, மடல் கூடாது என்பவை இலக்கணத்தில் இருக்கின்றன. மலை கூடாது என்று மட்டும் எந்த நூற்பாவும் இல்லை.

இருக்கவும் முடியாது. குறிஞ்சித்திணையில் மலையைத் தன் வீடாகக் கொண்டு நடமாடுபவள் பெண். தினைப்புனத்தில் பரண் மேல் இருந்து தட்டையும் குளிரும் கொண்டு கிளியோட்டுபவள் அவள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழியின் பேச்சு. அருவியில் குளித்துவிட்டுத் தலைவியும் தோழியும் காடெங்கும் திரிந்து பறித்துவந்து பாறையில் குவிக்கும் 99 பூக்களின் பெயர்களை அவள்தான் அடுக்குகிறாள். இந்தப் பகுதியை வகுப்பில் நடத்திய ஒரு நாள், கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்தாள். “அம்மா, தொண்ணூத்தொம்பது பூவையும் இவங்க எங்கம்மா பாத்தாங்க? நாங்க காலேஜ் விட்டா பஸ், பஸ் விட்டா வீடு. எனக்கு ஒன்பது பூ தெரிஞ்சா அதிகம்.” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூக்களின் பெயர் தெரியாததற்குக் காரணம் அவளுடைய ஞாபகசக்தி இல்லை. அவள் கால் போகும் தூரத்தை யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள். மலையில் நடமாடியவள் மலையை மனப்பாடப் பாட்டில் மட்டும் படிக்கிறவளாக எப்போது ஆனாள்?

அதற்கு ஒரு சிகரத்தின் கதையைச் சொல்கிறேன். பொதிகை, அகத்தியமலை, அகத்தியர்கூடம் என்று மூன்று பெயர்களால் நாம் அறிந்த சிகரம் அது. உயரம் 1,868 மீட்டர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. இம்மலைத்தொடரில்தான் தாமிரபரணி பிறக்கிறது. 2001இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. காரையார் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஏறிய பழைய பாதை புலிகள் காப்பகத்துக்குள் போய்விட்டதால், நம்மவர்களும் கேரளத்துப் போனக்காடு போய்த்தான் ஏறுகிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் வனத்துறை அனுமதிச்சீட்டு தரும். அந்தச் சீட்டுக்கான நிபந்தனைகளில் நெடுங்காலம் ஒன்று இருந்தது: பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை.

அந்த நிபந்தனையைத் திரும்பப் படித்துப் பாருங்கள், தோழிகளே. பெண்களும் குழந்தைகளும் ஒரே மூச்சில். குழந்தைக்காவது வயது ஏறினால் தடை நீங்கும். தமிழ் பிறந்த மலை என்று நாம் மேடைதோறும் முழங்கும் பொதிகைக்கு, தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய பெண் போக முடியாது. அகத்தியர் யார் என்றே அறியாத பதினைந்து வயதுப் பையன் போகலாம். கேரளத்துப் பெண்ணியத் தோழிகள் இதை எதிர்த்துக் கேட்டபோது, அடிவார முகாமான அதிருமலை வரை மட்டும் போய்க்கொள்ளுங்கள் என்று ஒரு சமரசம் நீட்டப்பட்டது. வாசல்வரை வா, திண்ணையில் உட்கார், உள்ளே வராதே என்கிற சமரசம் நமக்குப் பழக்கமானதுதான். அவர்கள் அதை ஏற்கவில்லை, நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம், மலையேற்றத்தில் பாலின அடிப்படையிலான பாகுபாடு செல்லாது என்றது. 2019 ஜனவரி 14 அன்று புறப்பட்ட முதல் குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார். பாதுகாப்புத்துறையின் செய்தித் தொடர்பாளராகப் பணியாற்றிய தன்யா சானல். மறுநாள் அவர் சிகரத்தில் நின்றார். மலை இடியவில்லை. தாமிரபரணி வற்றவில்லை.

இனி, அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

முதற்காரணம், அகத்தியர் பிரம்மச்சாரி. அவர் தவமிருக்கும் இடத்தில் பெண்வாடை கூடாது. இதைச் சொன்னவர்கள் அகத்தியரையே அறியாதவர்கள். அவருக்கு மனைவி உண்டு, பெயர் லோபாமுத்திரை. ரிக்வேதத்தில் பாடல் உடையவளாக மதிக்கப்படுபவள். தவத்தில் மூழ்கிய கணவனிடம் தன் வேட்கையை நேராகச் சொன்னவள். தமிழ்மரபிலும் அவள் பொதிகைக்கு வருகிறாள். நச்சினார்க்கினியர் தம் தொல்காப்பிய உரையில் ஒரு கதை சொல்கிறார். பொதிகைக்கு வந்து அமர்ந்த அகத்தியர், மனைவியை அழைத்துவரத் தம் மாணவர் தொல்காப்பியரை அனுப்புகிறார். அவளுக்கு நான்கு கோல் தூரம் விலகியே வரவேண்டும் என்பது கட்டளை. வழியில் வையை பெருகி அவளை இழுத்துப் போகிறது. தொல்காப்பியர் ஒரு மூங்கிற்கோலை முறித்து நீட்ட, அதைப் பற்றிக்கொண்டு அவள் கரையேறுகிறாள். கட்டளை மீறப்பட்டது என்று அகத்தியர் இருவருக்கும் சுவர்க்கம் இல்லை என்று சபிக்கிறார். குற்றமற்ற எங்களைச் சபித்த உமக்கும் அது இல்லாது போகட்டும் என்று இருவரும் திருப்பிச் சபிக்கிறார்கள்.

பொதிகையைப் பற்றி நம்மிடம் இருக்கும் கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு பெண் வெள்ளத்தில் போகிறாள். அவள் பிழைத்தது அந்த வீட்டில் செய்தி ஆகவில்லை. இடைவெளி நான்கு கோலிலிருந்து ஒரு கோலாகச் சுருங்கியதுதான் செய்தி ஆகிறது. அவள் செத்திருந்தால் சாபம் இருந்திருக்காது. பெண்ணின் பாதுகாப்பு என்று இவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு கோல்தான் கண்முன் நிற்கிறது. அந்தக் கதையிலும் அவள் சும்மா இருக்கவில்லை. முனிவரைத் திருப்பிச் சபித்துவிட்டுத்தான் பொதிகையில் கால்வைக்கிறாள்.

இரண்டாம் காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. தீட்டு. கோவையின் வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறும் வழக்கத்தில் சிறுமிகள் போகலாம், முதிய பெண்கள் போகலாம். நடுவில் இருக்கும் வயதுக்காரிகளுக்கு வழியில்லை. சபரிமலையின் கணக்கும் இதுவேதான். 2018 செப்டம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம் அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்தபிறகு நாடு பட்ட பாடு நமக்குத் தெரியும். உதிரம் தொடங்குமுன் வா, நின்றபின் வா. நடுவில் கிடக்கும் நாற்பதாண்டு உன்னுடையதில்லை.

நம் பக்தி இலக்கியமும் இதைத்தான் வேறு அழகில் சொல்லியிருக்கிறது. தமிழ்மரபில் கயிலை மலையை அடைந்த பெண்கள் என்று உடனே நினைவுக்கு வருபவர் இருவர். ஒருவர் காரைக்கால் அம்மையார். கணவன் விட்டுப்போனபின் தசையை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்று, மலையில் கால்படக் கூடாதென்று தலையால் நடந்து ஏறினார் என்கிறது பெரியபுராணம். இன்னொருவர் ஔவையார். கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். பிற்பாடு அந்தப் பிள்ளையாரே துதிக்கையால் தூக்கிக் கயிலையில் விட்டார் என்பது கதை. ஒருத்தி பேயாக வேண்டும், ஒருத்தி கிழவியாக வேண்டும். சதையும் உதிரமுமாக, இரண்டு காலால் நடந்து, ஒரு தமிழ்ப்பெண் மலையேறக் கதையில்கூட இடமில்லை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் நிற்கும் ஆள் புதிதாக எதையும் சொல்லவில்லை. இந்த இரண்டு கதைகளைத்தான் வயதுக் கணக்காக மாற்றிச் சொல்கிறார்.

ஆனால் இது எல்லா மலைக்கும் பொதுவான தெய்வவிதியா? திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்குப் போய்ப் பாருங்கள். உச்சியில் மல்லிகார்ச்சுனர் பிரமராம்பிகையோடு இருக்கிறார். மேலே போகப் போகப் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் தொங்கும் சங்கிலிகளையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். பௌர்ணமி இரவுகளில் எல்லா வயதுப் பெண்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிலர் பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தக் கடப்பாறைகளைப் பிடித்து ஏறுகிறார்கள். பர்வதமலையில் இருப்பதும் சிவன்; வெள்ளியங்கிரியில் இருப்பதும் சிவன். இங்கே உதிரத்தைப் பொருட்படுத்தாத சிவன் அங்கே மட்டும் ஏன் பதற வேண்டும்? பதறுவது சிவன் இல்லை. ஜப்பானில் ஃபூஜி மலைக்குப் பெண்கள் போகக் கூடாதென்ற தடையை 1872இல் அரசே நீக்கியது. அதே ஜப்பானில் ஓமினே மலைப்பாதையின் வாசலில் பெண்களுக்கு அனுமதியில்லை என்ற பலகை இந்த நூற்றாண்டிலும் நிற்கிறது. மலைகள் ஒரே மாதிரி இருக்கின்றன, பலகைகள்தான் மாறுகின்றன.

மூன்றாம் காரணம் உடல்வலு. பெண்ணால் அந்த ஏற்றம் முடியாது. இதைச் சொல்பவர்களை அகத்தியமலையின் சரிவுகளுக்கே அழைத்துப் போகலாம். மறுபுறம் மாஞ்சோலையில் தலைமுறை தலைமுறையாக முதுகில் கூடை சுமந்து, அட்டை கடிக்கக் கடிக்கச் சரிவில் நின்று தேயிலை பறித்தவர்கள் பெண்கள். அவர்களும் சேர்ந்து கூலி கேட்டுப் போன ஊர்வலம்தான் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டது. 17 பேர் செத்தார்கள். இந்தப் பக்கம் போனக்காடும் தேயிலைத் தோட்டமாக இருந்த இடம்தான். மலையேற்றம் தொடங்கும் இடத்திலேயே பெண்கள் சுமை தூக்கி ஏறிய சரிவு இருக்கிறது. சுமையோடு ஏறினால் பெண்ணுக்குப் பலம் இருக்கிறது. சும்மா ஏறினால் பலம் போய்விடுகிறது. இந்த விந்தையை எந்த மருத்துவர் கண்டுபிடித்தார்? 1975 மே 16 அன்று ஜுன்கோ தாபெய் எவரெஸ்டில் நின்றார். 1984இல் பச்சேந்திரி பால் நின்றார். 2023 மே மாதத்தில் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி நின்றார். 8,848 மீட்டருக்குப் போதுமான நுரையீரல் 1,868 மீட்டருக்குப் போதாதா?

பிரச்சினை “சும்மா” என்ற சொல்லில் இருக்கிறது. விறகுக்காக, தண்ணீருக்காக, நேர்த்திக்கடனுக்காக, கணவன் ஆயுளுக்காக ஏறும் பெண்ணை யாரும் தடுப்பதில்லை. தனக்காக, பார்ப்பதற்காக, உச்சியில் கொஞ்சநேரம் நிற்பதற்காக ஏறுகிறேன் என்பவள்தான் கேள்விக்குள்ளாகிறாள்.

நான்காம் காரணம் பாதுகாப்பு. இதை நான் கேலி செய்ய மாட்டேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து போன குழுவில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அந்த வாரம் தேநீர்க்கடையிலும் ஆசிரியர் அறையிலும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பொம்பளப் புள்ளைங்களுக்குக் காட்டுல என்ன வேலை?” அதே தீயில் ஆண்களும் கருகினார்கள். ஆம்பளைக்குக் காட்டில் என்ன வேலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. காய்ந்த புல்வெளியில் தீக்காலத்தில் ஏன் ஆட்கள் இருந்தார்கள், அனுமதி யார் கொடுத்தது, வழிகாட்டிக்கு என்ன பயிற்சி இருந்தது, தீ பரவும் செய்தி ஏன் எட்டவில்லை என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றைக் கேட்டதால்தான் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் அதே ஆண்டில் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசே 40 பாதைகளைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. பாதுகாப்பு என்பது பாதையில் செய்ய வேண்டிய வேலை. பெண்ணை வீட்டில் வைத்துப் பூட்டுவதற்குப் பாதுகாப்பு என்று பெயரில்லை. இந்த நாட்டில் பெண்கள் தீயில் கருகிய இடம் காடா, சமையலறையா என்று எந்த ஊர் அரசு மருத்துவமனைத் தாதியும் சொல்வார்.

ஐந்தாம் காரணம் கனமானது. அகத்தியமலை காணி மக்களின் தெய்வ இடம். அகத்தியர் அவர்களுக்குக் குலமுன்னோர் போன்றவர். பெண்கள் சிகரம் ஏறுவதை அவர்கள் எதிர்த்தார்கள். தன்யா சானல் போன நாளில் வழிமறிக்காமல், அமைதியாகத் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். நகரத்துப் பெண்ணியம் பழங்குடி நம்பிக்கையை மிதிக்கிறதா என்ற கேள்வியை நாம் தாண்டிப்போகக் கூடாது.

என் பதில் இது. அந்த மலை காணி மக்களுடையது என்று மனதார ஏற்கிறேன். அப்படியானால் அவர்கள் தெய்வத்தின் தலைமேல், ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரக்கணக்கான வெளியூர் ஆண்களுக்கு அரசு சீட்டு விற்றது எந்த உரிமையில்? அந்த ஆண்கள் வேட்டியோடு மட்டும் போனார்களா? பிளாஸ்டிக் பொட்டலத்தோடும் கைப்பேசியோடும் போனார்கள். அப்போதெல்லாம் காணி மக்களின் சம்மதம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பெண்கள் கேட்டவுடன் அரசுக்கும் ஊடகத்துக்கும் பழங்குடி உரிமை ஞாபகம் வருகிறது. 1987இல் இந்த மலையில் காணி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து விஞ்ஞானிகள் மருந்து செய்தபோதும், அந்த அறிவுக்குப் பங்கு எவ்வளவு என்பதில் காணிகளுக்குள்ளேயே கேள்விகள் எழுந்தன. அவர்களின் அறிவை எடுக்கும்போது கேட்காத குரலை, பெண்ணைத் தடுக்கும்போது மட்டும் கேட்பது மரியாதை ஆகாது. காணி மக்கள் வெளியாட்கள் எவரும் வரவேண்டாம் என்று சொல்லட்டும். நான் முதல் ஆளாகத் திரும்புவேன். வெளியாட்களில் ஆண் வரலாம், பெண் வரக்கூடாது என்றால் அது மலையைக் காக்கும் விதியாக எனக்குத் தெரியவில்லை. காணிப் பெண்கள் தங்கள் மலையோடு என்ன உறவு கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. அவர்கள் சார்பில் நான் பேச மாட்டேன். அவர்கள் பெயரைச் சொல்லி வனத்துறை பேசுவதையும் ஏற்க மாட்டேன்.

தடை நீங்கியபின் ஒரு பிப்ரவரியில் நானும் போனேன். முதல்நாள் போனக்காட்டிலிருந்து அதிருமலை. ஓடைகளைக் கடந்து, மரநிழல் போய் வெயில் வரும் புல்வெளிகளைத் தாண்டி, “முட்டிடிச்சான்” என்று அவர்கள் சொல்லும் ஏற்றம் வருகிறது. முழங்கால் நெஞ்சில் இடிக்கும், பெயர் பொய்யில்லை. மறுநாள் அதிகாலை மீண்டும் ஏற்றம். சிறுமூங்கில் காடு முடிந்ததும் பாறை. உடைந்து சரிந்து கிடக்கும் கற்கள். எது அசையும் எது நிற்கும் என்று கால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடன்போக்குப் பாட்டுகளில் தலைவியின் மெல்லடியைப் பரற்கற்கள் உறுத்துமே என்று ஊரே இரங்கும். என் அடியையும் உறுத்தியது. உறுத்தினால் அடுத்த கல்லைப் பார்த்து வைத்தேன், அவ்வளவுதான். கடைசிப் பாறைச்சரிவுகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. அகத்தியர் சிலையாக நிற்கிறார். ஒருபக்கம் கேரளம், ஒருபக்கம் திருநெல்வேலிச் சீமை, நடுவில் மேகம். அங்கே நின்றபோது ஞானம் எதுவும் வரவில்லை. நான் எங்கே இருக்கிறேன், எப்போது வருவேன், சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்க அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. என் நாற்பது வயதுக்குள் அப்படி ஒரு மணிநேரம் கிடைத்தது அதுவே முதல்முறை. ஆண்கள் எத்தனை பேர் அந்த ஒரு மணிநேரத்தைப் பதினெட்டு வயதிலேயே தெருமுனையில் நின்றபடி பெற்றுவிடுகிறார்கள்! பெண் அதற்கு 1,868 மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது.

நான் வாழும் நெய்வேலியில் இயற்கை மலை கிடையாது. சுரங்கத்தின் மேல்மண்ணை வெட்டிக் கொட்டிக்கொட்டி உயர்ந்த மண்மேடுகள்தான் எங்கள் மலைகள். அவற்றின்மேல் மரம் வளர்த்துப் பச்சையாக்கியிருக்கிறார்கள். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த நாள்முதல், பூமிக்குள் இறங்குவதும் மண்ணை மலையாக்குவதும் இந்த ஊரின் வேலை. அந்த வேலைக்கும் ஒரு சட்டம் இருந்தது. 1952இன் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண்களைப் பூமிக்கடியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. மேலே நடக்கும் வேலையிலும் காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூடாது என்றது. அந்த விதியிலிருந்து விலக்களித்து, எழுத்துமூலச் சம்மதம், மூன்று பேருக்குக் குறையாத குழு போன்ற நிபந்தனைகளோடு பெண்களை அனுமதித்த அறிவிக்கை வெளியான நாள் 2019 ஜனவரி 29. தன்யா சானல் சிகரம் தொட்டு இரண்டு வாரம் கழித்து. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று இருந்த இரண்டு பூட்டுகள் ஒரே மாதத்தில் திறந்திருக்கின்றன. எங்கள் வட்டத்துத் தெருக்களில் அதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

பூட்டு திறந்தால் கதவு திறந்துவிடுமா என்றால், இல்லை. நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் குறிஞ்சிப்பாட்டு படிக்கும் மாணவிகளை அனுமதி பெற்ற ஒரு மலைப்பாதைக்கு ஒருநாள் அழைத்துப்போகக் கேட்டேன். ஆண்கள் துறையென்றால் யோசிக்கலாம், பெண் பிள்ளைகள் என்றால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்று கோப்பு திரும்பி வந்தது. அதே ஆண்டு அதே மாணவிகளைக் கோயில் விழாவுக்குக் கோலம் போட இரவு எட்டுமணிவரை நிறுத்திவைத்தார்கள். அப்போது பெற்றோருக்குப் பதில் சொல்ல யாரும் கவலைப்படவில்லை. எங்கள் நகரியத்தின் அகன்ற, மரம் சூழ்ந்த சாலைகளில் காலையில் நடைபயிலும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மருத்துவர் சொன்னார், சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி என்று காரணம் சொல்வார்கள். காரணமில்லாமல் நடக்கிறேன் என்று சொல்பவளை நான் இன்னும் சந்திக்கவில்லை. நடப்பதற்கும் நோய்ச்சீட்டு வேண்டியிருக்கிறது நமக்கு.

இதில் என்ன பெரிய இழப்பு, மலையேறாவிட்டால் செத்தா போய்விடுவோம் என்று கேட்பவர்கள் உண்டு. பெண்களுக்கு வேலை இல்லை, கூலி இல்லை, சொத்து இல்லை. இதில் மலை ஒரு கேடா என்றும் கேட்பார்கள். கூலியும் சொத்தும் கேட்டுப் போராடுகிறோம். அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வெளியைப் பார்க்காதவள் அதைப் பற்றிப் பேசும் உரிமையையும் இழக்கிறாள். மலை எத்தனை உயரம், காடு எங்கே தொடங்குகிறது, ஆறு எங்கே பிறக்கிறது, எந்தச் சரிவில் குவாரி வைத்தால் எந்த ஊற்று வற்றும் என்பதெல்லாம் நடந்தவர்களுக்குத் தெரிகிறது. நடந்தவர்கள் கூட்டத்தில் பேசுகிறார்கள், கவிதை எழுதுகிறார்கள், வரைபடம் போடுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள். நடக்காதவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். பெண்கவிதையில் வீடும் உடலும்தான் இருக்கிறது, உலகம் இல்லை என்று குறை சொல்லும் விமரிசகர்கள், உலகத்துக்குப் போகும் பேருந்தில் பெண்ணுக்கு எத்தனை மணிவரை இடமிருந்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊருக்கு அருகே அனுமதியுள்ள பாதை எது என்று பாருங்கள். தீக்காலத்தில் போகாதீர்கள், வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், பிளாஸ்டிக்கை மேலே விட்டு வராதீர்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் மாற்றுத்துணி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எதற்காகப் போகிறாய் என்று வீட்டில் கேட்டால், படிப்புக்காக, உடம்புக்காக, சாமிக்காக என்று காரணம் தேடாதீர்கள். மலையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் காரணம் சேர்க்காமல் வாசற்படியில் நின்று சொல்லி முடிப்பது முட்டிடிச்சான் ஏற்றத்தைவிடக் கடினம். அதை ஏறிவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கல்.